பிரசாரத்தில் ஆளுங்கட்சியின் முன்னிலை கரைவது எப்படி?

முன்னிலையோடு பிரசாரத்தைத் தொடங்கும் ஆளுங்கட்சி வாக்குப்பதிவுக்குள் பின்தங்குவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரைக்காரனான எனக்கு 1967 சட்டமன்றத் தேர்தல்தான் நினைவுக்கு வரும். உண்மையில் கரைவது முன்னிலையல்ல, எதிரணியின் பிளவு. 1962-இல் காங்கிரசுக்கு ஏறத்தாழ 46 சதவீத வாக்கு, 139 இடங்கள். 1967-இல் வாக்கு 41 சதவீதம். இடங்களோ ஐம்பது சொச்சம். ஐந்து சதவீதச் சரிவுக்கு இவ்வளவு பெரிய அடியா? ஆம். வலதுசாரியான சுதந்திராக் கட்சியையும் இடதுசாரிகளான மார்க்சிஸ்டுகளையும் தி.மு.க.வின் அண்ணா ஒரே பந்தலில் உட்கார வைத்துவிட்டார்.

கோபம் முன்பே இருந்தது. 1965 ஜனவரி 25 அன்று மதுரையில் இந்தித் திணிப்பை எதிர்த்த மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் நடந்த மோதல்தான் மாநிலமெங்கும் தீயாய்ப் பரவியது. அதன்மேல் அரிசித் தட்டுப்பாடு. ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதி, அடுக்களையில் படியால் அளந்துகொண்டிருந்த பெண்களுக்கு எந்த மேடைப் பேச்சையும்விட நன்றாகப் புரிந்தது. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் அவர் இருந்த சுவரொட்டி ஊர் ஊராக ஓட்டுக் கேட்டது. பரங்கிமலையில் படுத்தபடியே ஜெயித்தார்.

மதுரைக்குத் தெற்கே ஒன்றரை மணி நேர பஸ் பயணத்துக்குள் வந்துவிடும் விருதுநகரில், சொந்த ஊரிலேயே காமராஜர் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். அணைகளும் பள்ளிகளும் கட்டியவர்! ஆனால் வரிசையில் நின்றவன் அன்று பார்த்தது காலிப் பையை.