மரண அறிவித்தலும் தேர் வடமும்: வெளிநாட்டில் வாழும் யாழ்ப்பாணத்து ஊர்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்விகள் குவிந்துவிட்டன. நான் பல காலமாகச் சேர்த்து வருவது ஊர்ச் சங்க மலர்கள், மரண அறிவித்தல்கள், ஒலிநாடாக் கடிதங்கள். யாழ்ப்பாணத்தார் வெளிநாடு போன கதையும், போன இடத்தில் அவர்கள் கையிலிருந்த கருவிகள் மாறிய கதையும் அவற்றுக்குள் கிடக்கின்றன. அது பற்றிக் கேட்டால் விரிவாகச் சொல்வேன். விசாவுக்கும் அரசியல் தீர்வுக்கும் வேறு ஆளைப் பாருங்கள்.

ஸ்காபரோ, டொரொன்டோ: வேறு எவ்வளவோ இருக்க, மரண அறிவித்தலை ஏன் சேர்க்கிறீர்கள்?

ஒரு குடும்பம் உலகம் முழுக்கச் சிதறியதை இவ்வளவு ஒழுங்காக எழுதி வைத்த ஆவணம் வேறு இல்லை. ‘யாழ். புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும், கொழும்பு வெள்ளவத்தையை முன்னாள் வதிவிடமாகவும், கனடா மார்க்கத்தைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்ட...’ என்று தொடங்கும். முதல் வரியிலேயே இரண்டு இடப்பெயர்வு. அப்புறம் பிள்ளைகள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறி: (ஜெர்மனி), (லண்டன்), (சுவிஸ்), (இலங்கை). அந்த வரிசையைப் பார்த்தால் யார் எந்த வருடம் வெளிக்கிட்டிருப்பார் என்று ஓரளவு ஊகிக்கலாம். மூத்தவர் ஜெர்மனி என்றால் பெரும்பாலும் எண்பதுகளின் நடுப்பகுதி. அப்போது கிழக்கு பெர்லினுக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து மேற்கு பெர்லினுக்குள் போய்விடலாம். 1986 ஆகஸ்ட்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்தபோது மீனவர்கள் மீட்ட 155 தமிழரும் மேற்கு ஜெர்மனியில்தான் கப்பல் ஏறியவர்கள்.

முன்பு இதே வாசகம் இலங்கை வானொலியில் வாசிக்கப்பட்டது. அடைப்புக்குறிக்குள் கொழும்பு, திருகோணமலை, மலேசியா என்று வரும். இன்று இணையத்தில் வருகிறது, கீழே ஐந்து நாட்டுத் தொலைபேசி எண்களும் நேரலை இணைப்பும் சேர்ந்து. ஆனால் வாசகம் அசையவில்லை. கைக்குழந்தையாக ஊரை விட்டவருக்கும் ஊர்தான் முதலில் வரும்.

ஒரு எச்சரிக்கை: அந்த இணையப் பக்கம் என்றைக்கும் இருக்கும் என்று நம்பாதீர்கள். அச்செடுத்து வையுங்கள்.

ஹரோ, லண்டன்: பிள்ளைகள் தமிழில் கதைக்கிறார்கள் இல்லை. நல்ல செயலி எது?

செயலி எழுத்துப் பழக்கும். கதைப்பதற்கு ஆள் வேண்டும். அம்மாவும் அப்பாவும் போதாது, அவர்களுக்குத்தான் ஆங்கிலம் விளங்குமே. நான் கண்ட அளவில், உறவுப் பிள்ளைகள் வெவ்வேறு மொழி நாடுகளில் இருக்கும் குடும்பங்களில் தமிழ் கொஞ்சம் கூடத் தங்குகிறது. பாரிஸ் மச்சாளுக்கு பிரெஞ்சு, ஒஸ்லோ மச்சானுக்கு நோர்வீஜியன், பேர்ண் தம்பிக்கு சுவிஸ் ஜெர்மன். சின்ன வயதில் மூவரும் வீடியோ கோலில் சண்டை பிடிக்கத் தமிழை விட்டால் வேறு வழியில்லை. எல்லோரும் ஆங்கில நாட்டில் இருந்தால் அந்த நெருக்கடி கிடையாது. ஆகவே செயலியைத் தேடாமல் ஒத்த வயது மச்சாளைத் தேடுங்கள்.

பேர்ண்: என் அம்மம்மா எழுதுவதே இல்லை, எல்லாம் வாட்ஸ்அப் குரல்பதிவுதான். இப்படியே போனால் எழுத்து அழிந்துவிடாதா?

அம்மம்மாவை விடுங்கள். அவ பழைய வழக்கத்துக்குத் திரும்பியிருக்கிறா, அவ்வளவுதான். எண்பதுகளில் வெளிநாட்டுக்குப் போனவர்கள் கசெட்டில் பேசி அனுப்பினார்கள், வீட்டில் சுற்றியிருந்து கேட்டார்கள். தொண்ணூறுகளின் முதல் பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் வானொலி கேட்ட காலம். தொலைபேசியில் கதைக்க வேண்டுமானால் வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போய் ஒரு கடை வாசலில் காத்திருக்க வேண்டும்.

என்னிடம் உள்ள ஒரு நாடாவில் ஒரு தாய் அரை மணி நேரம் பேசுகிறார். பாதிக்கு மேல் மாட்டைப் பற்றியது. நடுவில் சேவல் கூவுகிறது, தூரத்தில் வெடிச்சத்தம், அவர் நிறுத்தவில்லை. ‘அது ஒண்டுமில்லை’ என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் திரும்பிவிடுகிறார். எழுதியிருந்தால் அந்தச் சேவலும் வராது, ‘ஒண்டுமில்லை’யும் வராது. அம்மம்மாவின் பதிவுகளைக் கைபேசியிலிருந்து கணினிக்கு மாற்றித் திகதி போட்டு வையுங்கள். வாட்ஸ்அப் காப்பகம் அல்ல.

மிசிசாகா: மகனுக்கு ஆறு வயது. தமிழ் பழக நல்ல ஆப் சொல்வீர்களா?

ஹரோக்காரருக்குச் சொன்னதுதான்.

சுன்னாகம்: எங்கள் ஊர்க் கோயில் திருவிழா லைவ் போகிறது. ஒரு மின்குமிழ் எரியாவிட்டால் ஐந்து நிமிடத்தில் கனடாவிலிருந்து கோல் வருகிறது. இது யாருடைய கோயில் ஐயா?

நல்ல கேள்வி. எங்கள் கோயில்களில் கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். குடும்பம் வெளிநாடு போனாலும் உபயம் பெயரில் நின்றது. காசு வருகிறது, ஆள் வருவதில்லை. முன்பு உபயகாரர் வாசலில் நிற்பார், அவர் பிள்ளைகள் தண்ணீர் சுமப்பார்கள். இப்போது அந்த வேலைக்குக் கூலி கொடுக்கிறார்கள். உபயகாரர் திரையில் நிற்கிறார். மூலஸ்தானத்தைக் காட்டும் கமரா வெறும் வீதியைக் காட்டாது. அதனால் அங்கிருந்து பார்ப்பவருக்கு ஊர் அப்படியே இருக்கிறது என்ற நினைப்பு.

மார்க்கம்: சுன்னாகம் அண்ணைக்கு ஒன்று கேட்கிறேன். நாங்கள் பனியில் இரண்டு வேலை செய்து அனுப்பிய காசில்தானே கோபுரம் எழும்பியது? கேள்வி கேட்கக்கூட உரிமை இல்லையா?

கோபுரம் உங்கள் காசுதான், மறுக்கவில்லை. கேட்கலாம். ஆனால் கோபுரத்தை எத்தனை நிலை உயர்த்துவது என்று ஸ்காபரோ மண்டபத்தில் தீர்மானித்துவிட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு எத்தனை பிள்ளை என்று கேட்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அச்சுவேலி: தேர் வடம் பிடிக்க ஆளில்லை என்பது உண்மைதானே? இயந்திரம் வைத்து இழுத்தால் என்ன குறைந்துவிடும்?

வந்துவிட்டீர்களா அங்கே! 2018இல் வரணியில் ஒரு கோயில் தேரை மண் தோண்டும் இயந்திரம் இழுத்தது. படம் முகநூல் முழுக்கப் பரவியது. ஒடுக்கப்பட்ட சாதியினர் வடத்தைத் தொடக்கூடாது என்பதற்காகத்தான் இது என்பது குற்றச்சாட்டு. ஊர் ஆட்கள் வெளிநாடு போய்விட்டார்கள், இழுக்க ஆள் போதவில்லை என்பது மறுமொழி.

இரண்டையும் எதிரெதிராக வைத்துச் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஆள் போதவில்லை என்றால் எந்த ஆள்? ஊரில் மனிதர் இல்லாமலா? ‘எங்கட ஆக்கள்’ இல்லை, அதுதான் விஷயம். 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போகப் போராடியவர்களின் பேரப்பிள்ளைகள் ஊரோடு இருக்கிறார்கள். வாசலை அடைத்தவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் விமானம் ஏறிவிட்டார்கள். வெளிநாடு போக முகவருக்குக் கட்டக் காசு வேண்டும், விற்கக் காணி வேண்டும். அது எல்லோரிடமும் இருக்கவில்லை. வடத்தை இருப்பவர் கையில் கொடுத்தால் முடிந்தது. கொடுக்க மனம் வராதபோது இயந்திரத்துக்கு டீசல் ஊற்ற வேண்டியிருக்கிறது.

ஸ்காபரோ, இன்னொருவர்: இந்தக் காலத்தில் யார் சாதி பார்க்கிறார்கள்? பழையதைக் கிளறாதீர்கள்.

திருமண விளம்பரம் வாசியுங்கள்.

மார்க்கம், மறுபடியும்: வாட்ஸ்அப்பில் ஊர்க் குழு என்றாலே சாதிக் குழு என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் குழுவில் ஊருக்கா வட்டாரத்துக்கா ஆள் சேர்க்கிறீர்கள், யாரைச் சேர்ப்பது என்று யார் முடிவு செய்கிறார் என்று ஒருமுறை பாருங்கள். ஊரில் ஒரு வட்டாரத்தில் யார் குடியிருப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வந்த புதிதில் ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்தார்கள், ஒரே சட்டியில் சமைத்தார்கள். அடுத்தவர் என்ன ஆள் என்று கேட்டுப் பார்க்க வசதியில்லை. ஊர்ச் சங்கங்கள் வந்ததும் பிரியத் தொடங்கினார்கள். வாட்ஸ்அப் வந்ததும் அது சுலபமாகிவிட்டது. வெளிநாடு கலைத்துப் போட்டதைக் கைபேசி மறுபடி அடுக்கி வைத்தது என்பது என் கணிப்பு. அதே குழுதான் ஊரில் ஒருவருக்கு அவசர சத்திரசிகிச்சை என்றால் ஒரே இரவில் காசு சேர்க்கிறது, அதையும் பார்த்திருக்கிறேன்.

சிட்னி: அக்காவின் மகனை ஸ்பொன்சர் பண்ணுவது எப்படி?

வழக்கறிஞரிடம் போங்கள்.

ஒஸ்லோ: இந்தக் குழுக்களுக்குள்ளேயே கிடந்தால் நாங்கள் இந்த நாட்டோடு எப்போது சேர்வது?

நோர்வேயில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! உங்கள் முந்திய தலைமுறையில் பலர் வடகோடியில், ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் மீன் வெட்டியவர்கள். உள்ளூர் ஆட்களே விட்டுவிட்டுத் தெற்கே போன இடம் அது. ஹம்மர்ஃபெஸ்டில் சிறுவயதைக் கழித்த கம்ஷாஜினி குணரத்தினம் 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார், 2021இல் நாடாளுமன்றம் போனார்.

2009ஐயும் பாருங்கள். முள்ளிவாய்க்கால் செய்தி தொலைபேசியிலும் இணையத்திலும் வந்துகொண்டிருந்தபோது, மே 10 அன்று டொரொன்டோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி நின்றவர்களில் ஏராளமானோர் அங்கேயே வளர்ந்த பிள்ளைகள். நண்பர்களைக் குறுஞ்செய்தியில் ஆங்கிலத்தில்தான் கூப்பிட்டார்கள். நகர மக்கள் பலர் கோபப்பட்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் கனடா அரசிடம், கனடாவின் சாலையில் நின்றுதான் கேட்டார்கள். இரண்டு வருடத்தில் ஸ்காபரோவிலிருந்து ராதிகா சிற்சபைஈசன் நாடாளுமன்ற உறுப்பினரானார். ஊரை நினைப்பதால் மட்டும் ஒருவர் இருக்கும் நாட்டிலிருந்து விலகிப் போவதில்லை. மகன் பக்கத்து வீட்டாரோடு பந்து விளையாடப் போகிறானா, அதைப் பாருங்கள்.

டோர்ட்முண்ட்: அப்பா எழுதிய ஊர் வரலாறு பாமினி எழுத்துருவில் இருக்கிறது. புதுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டுகிறது.

பயப்படாதீர்கள், அழியவில்லை. பாமினி காலத்தில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருந்தார்கள். எழுத்துரு போனால் முகமூடி கழன்றுவிடும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒரு தடவை முழுதாக வாசித்துத் திருத்துங்கள். பிறகு ஒரு பிரதியை நூலகம் திட்டத்துக்குக் கொடுங்கள். 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றி வருகிறார்கள். 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது ஒரே பிரதியாக இருந்த எவ்வளவோ போனது. உங்கள் அப்பாவின் கோப்பும் இப்போது ஒரே பிரதிதான்.

லா கூர்நெவ்: சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு தமிழ் ஆப்...

மச்சாள்!

அச்சுவேலி: தேர் விஷயத்தில் நீங்கள் ஒரு பக்கம் சாய்கிறீர்கள்.

ஓம், சாய்கிறேன். அடுத்தது.

கொவென்ட்ரி: 1988இல் அண்ணன் அனுப்பிய கசெட் இரண்டு கிடைத்தது. போட்டுக் கேட்கலாமா?

உடனே போடாதீர்கள். பழைய நாடா ஒட்டியிருக்கும், ரெக்கோடர் இழுத்து அறுத்துவிடும். மேலே பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கையே வைக்காமல் ஒலிநாடா மாற்றித் தரும் இடத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் நல்ல ரெக்கோடரில் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றியபின், கணினியில் பதிவு செய்துகொண்டே முதல் தடவை கேளுங்கள். கசெட்டின் மேல்விளிம்பு மூலைகளில் உள்ள இரண்டு சின்னத் தடுப்புகளும் உடைந்திருக்கின்றனவா பாருங்கள். உடையாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள், இல்லையென்றால் யாராவது அதன் மேலேயே பாட்டுப் பதிந்துவிடுவார்கள்.