தினமும் அழுதால் பொய்யா?

கேள்வி: என் மகன் நெட்ஃபிளிக்ஸில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற அமெரிக்க ராக் பாடகரின் மேடை நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டினான். இசைக்குழு கிடையாது. கிதாரும் பியானோவும் வைத்துக்கொண்டு தனியாளாகப் பாடுகிறார். அதைவிட அதிகமாகப் பேசுகிறார். அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். வாரத்துக்கு ஐந்து இரவு என்று ஓராண்டுக்கு மேல் இதையே செய்தாராம். தினமும் வருகிற அழுகை நடிப்புதானே? பெற்ற தகப்பனின் குடியைக் காசாக்குவது முறையா? நம் ரப்பர் தோட்டத்து மக்கள் படாத பாடா? யாராவது இப்படி மேடையேறி மூக்கைச் சிந்தினார்களா?
- ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: ஆசிரியர் ஐயா, கேள்வி அனுப்பச் சொன்னால் குற்றப்பத்திரிகையே அனுப்பிவிட்டீர்கள். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நியூயார்க்கின் வால்டர் கெர் அரங்கில் 2017 அக்டோபரில் தொடங்கி 2018 டிசம்பர் வரை 236 முறை நடந்த நிகழ்ச்சி அது. கடைசி இரவு முடிந்த மறுநாளே படம் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. 236 முறையும் அவர் அழுதாரா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அழுதார் என்றே வைத்துக்கொள்வோம். அரிச்சந்திரன் கூத்தின் மயான காண்டம் பார்த்து வளர்ந்த தலைமுறை நீங்கள். இறந்த மகன் லோகிதாசனை மடியில் கிடத்திச் சந்திரமதி புலம்பும்போது, சேலைக்குள் இருப்பவர் மீசையை மழித்த ஆண் என்பது திடலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். போன வாரம் பக்கத்துத் தோட்டத்திலும் இதே அடியில்தான் அவர் குரல் உடைந்தது என்பதும் தெரியும். தெரிந்துதான் அழுதார்கள். விடிந்ததும் யாரும் போய், "நீ அழுதது நடிப்பு" என்று அவர் சட்டையைப் பிடிக்கவில்லை. வெள்ளைக்காரர் அழுதால் மட்டும் எதற்கு இந்தப் பரிசோதனை?

அதிலும் ஸ்பிரிங்ஸ்டீன் தன் குட்டைத் தானே உடைத்துவிட்டுத்தான் தொடங்குகிறார். ஆலைத் தொழிலாளியின் பாட்டைப் பாடிப் பெரும் பணக்காரரான மனிதர், தான் ஒரு நாளும் ஆலைக்குள் கால் வைத்ததில்லை, காலையில் போய் மாலையில் திரும்பும் வேலை எதுவும் பார்த்ததில்லை, எல்லாமே கற்பனை என்று ஆரம்பத்திலேயே சொல்லிச் சிரிக்கிறார். பிறகு அந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்கிறார். பாடுவதற்கு ஒரு குரல் தேடியபோது அப்பாவின் குரலைத்தான் எடுத்துக்கொண்டாராம். போட்டுக்கொண்ட தொழிலாளி உடையும் அப்பாவுடையதுதான். நியூ ஜெர்சியில் ஃப்ரீஹோல்ட் என்ற சிற்றூரில் கம்பள ஆலை, பஸ் ஓட்டுதல், சிறைக்காவல் என்று வேலை மாறி மாறிப் பார்த்த மனிதர் அந்த அப்பா. வீட்டில் வாய் திறக்காதவர்.

குடியைக் காசாக்கினார் என்கிறீர்கள். அந்தக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். அம்மா சிறுவனை மதுக்கடைக்குள் அனுப்புகிறாள், அப்பாவை வீட்டுக்கு அழைத்து வரச் சொல்லி. பெரியவர்களின் இடுப்பு உயரத்தில் நின்று பையன் தகப்பனைத் தேடுகிறான். நம் லயங்களில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், சம்பள நாள் சாயங்காலம் கள்ளுக்கடை வாசலுக்கு அனுப்பப்படாத மூத்த பிள்ளை எத்தனை பேர்? கேட்டுப் பாருங்கள், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அதைத்தான் நாம் மானம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

அதோடு, நீங்கள் கண்ணீரைப் பார்த்தீர்கள், அது எதற்காக வந்தது என்பதை விட்டுவிட்டீர்கள். ஸ்பிரிங்ஸ்டீனுக்கு முதல் குழந்தை பிறக்கச் சில நாட்கள் இருக்கும்போது அந்த அப்பா சொல்லாமல் கொள்ளாமல் நெடுந்தூரம் கார் ஓட்டிக்கொண்டு வருகிறார். நீ எங்களுக்கு நல்லது செய்தாய், நான் உனக்கு அப்படி இருக்கவில்லை என்கிறார். அவ்வளவுதான் பேச்சு. வாழ்நாள் முழுக்க வாய் மூடிக் கிடந்த தகப்பன் அறுபது வயதைத் தாண்டி இந்த ஒரு பேச்சைப் பேசுவது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 153 நிமிடம் ஓடுகிற படத்தின் முன் மகன் உங்களை ஏன் பிடித்து உட்கார வைத்தான் என்று அவனிடம் கேட்டீர்களா? எனக்கென்னவோ பாடகரை ரசிப்பதற்காக மட்டும் என்று தோன்றவில்லை.

ஒரு விஷயத்தில் உங்கள் கட்சிக்கு வருகிறேன். டிக்கெட் விலை 75 டாலரிலிருந்து 850 டாலர் வரை. வெளியே கைமாறிய டிக்கெட் ஆயிரக்கணக்கில் போனது. ஆயிரம் பேர்கூடக் கொள்ளாத அரங்கு வேறு. கம்பள ஆலைத் தொழிலாளி அந்த வாசற்படியை மிதித்திருக்க முடியாது. இதை நீங்கள் கேட்டிருந்தால் கை தட்டியிருப்பேன். நீங்களோ கண்ணீரைப் பிடித்துக்கொண்டீர்கள்.

கடைசியாக, நம் மக்கள் யாராவது அழுதார்களா? அழுதார்கள் ஐயா. 1942, 43இல் ஜப்பானியர் காலத்தில் சயாம், அதாவது தாய்லாந்து, ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பி வராதவர்களுக்காக லயத்து வாசலில் உட்கார்ந்து பெண்கள் பாடிய ஒப்பாரிக்கு டிக்கெட்டும் இல்லை, காமிராவும் இல்லை. பெரட்டு என்ற காலை ஆள்கணக்கெடுப்புக்கு இருட்டில் எழுந்து போனதையும், வேலை வாங்கும் கங்காணியின் வாயையும், பால் பிடிக்கும் மங்கு நிறையாத மரத்தையும் வைத்துக் கட்டிய பாட்டுகள் எத்தனையோ இருந்தன. காமிரா வந்த பிறகாவது அவற்றுக்கு மேடை கிடைத்ததா? தோட்டத்துப் பாட்டு நாகரிகமாக இல்லை என்று தள்ளிவிட்டு, பள்ளி ஆண்டு விழாக்களில் பிள்ளைகளைச் சினிமாப் பாட்டுக்கு ஆடவிட்டார்கள். அப்போது நீங்கள் எந்தப் பள்ளியில் இருந்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறி, பால் வெட்டிய கைகள் அடுக்குமாடியில் தொலைக்காட்சிப் பெட்டியைத் திருகிக்கொண்டிருக்கின்றன. பாட்டுத் தெரிந்த பாட்டிமார் நம் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மகனிடம் கைப்பேசியைக் கொடுத்து, ஒருவரையாவது பாடவிட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நீங்கள் கூட இருந்து வரிகளை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைக்கிறேன். பாட்டி சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். வாத்தியார் பழக்கத்தில் திருத்தி அனுப்பினால் போட மாட்டேன்.