மூன்றாவது விளக்குக் கம்பம்

அண்ணனுக்கு வணக்கம்.

எனக்கு வயது 38. மூன்று வருஷம் முன்பு வரை தினமும் எட்டு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன். டெங்கு வந்து படுத்தேன், அப்புறம் கடை வேலை, அப்படியே நின்றுபோனது. இப்போது ஒரு கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்குகிறது. நான்கு நாள் ஓடுகிறேன், ஐந்தாம் நாள் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறேன். இந்த வருஷத்தில் இது நான்காவது முறை. தெரிந்தவர்கள் பார்த்தால் கூச்சமாகவும் இருக்கிறது. மனதை எப்படித் தயார் செய்வது?

க., உச்சிப்புளி

அன்புள்ள தம்பி,

ஒரே வருஷத்தில் நான்கு முறை ஆரம்பித்த மனதில் குறை எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் முதல் நாளே பழைய ஆளாக ஓடப் பார்க்கிறீர்கள், அங்கேதான் இடிக்கிறது.

நானும் அப்படித்தான் செய்தேன். பாம்பன் சாலைப் பாலம் ஏறத்தாழ இரண்டேகால் கிலோமீட்டர். ஒரு காலத்தில் அக்கரை போய்த் திரும்பி ஓடிவருவேன். கால் எலும்பு முறிந்து ஐந்து மாதம் கிடந்துவிட்டு, ஓடலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு போன முதல் காலை, மண்டபம் பக்கத்து ஏற்றத்தில் மூன்றாவது விளக்குக் கம்பத்தோடு நின்றுவிட்டேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்தால் கச்சான் காற்று காதில் அறைகிறது, கீழே ஒரு வள்ளம் பாலத்துக்கு அடியில் நுழைகிறது, எனக்குக் கெண்டைக்கால் நடுங்குகிறது. மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அவர்களுக்கு. அவர்தான் சொன்னார்: “தடை முடிஞ்சு முத நாலு நாள் கயித்தைத் தொட்டாலே உள்ளங்கை எரியும். அதுக்காகத் தொழில் மறந்துபோச்சுன்னு யாரும் சொல்றதில்லையே தம்பி.”

உடம்பிலும் அதுதான் நடக்கிறது. ஓட்டத்தை நிறுத்திய ஓரிரு வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளுகிற இரத்தமும் குறைவதால், அதே வேகத்துக்கு நாடி எகிறுகிறது. திரும்ப ஆரம்பித்தால் இது சில வாரங்களில் மீண்டுவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண்கள் அப்படியில்லை, மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று வேகம் கூட்டினால் குதிகாலோ முழங்காலோ பிடித்துக்கொள்ளும். நம்மூர் வெயிலுக்கு உடம்பு பழகவே இரண்டு வாரம் ஆகும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுங்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மொத்தம் 20 நிமிடம். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிய வேண்டும். இன்னும் ஓடலாம் என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள், இது ரொம்ப முக்கியம். அரியமான் கடற்கரை பக்கத்தில்தானே என்று மணலில் இறங்காதீர்கள். மணலில் ஓட ஒன்றரை மடங்கு சக்தி வேண்டும். முதல் மாதம் கெட்டித் தரை போதும். நெஞ்சு அடைத்தாலோ தலை சுற்றினாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கூச்சத்துக்கு நான் கண்ட வழி, முதலிலேயே சொல்லிவிடுவது. பாலத்தடி டீக்கடைக்காரரிடம் “மூணாவது கம்பம் வரைக்கும்தான் போறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் மறுபடி கிளம்பினேன். அன்றிலிருந்து திரும்பி வரும்போதெல்லாம் “இன்னைக்கு எத்தனை கம்பம்ணே?” என்று கேட்பார். அக்கரையைத் தொட எனக்கு நான்கு மாதம் ஆனது. அன்று அவர் காசு வாங்கவில்லை.

ஐந்தாம் நாள் எப்படிப் போனது என்று எழுதுங்கள், தம்பி. காத்திருப்பேன்.