மீன் வலையை விட்டுவிட்டு உலகப் போட்டிக்குப் போன நால்வர்: கேள்வி பதில்

கனடாவின் கிழக்குக் கரையில், நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் இருக்கிறது செயின்ட் ஜான் துறைமுக நகரம். அங்கிருந்து போய் 1867ல் பாரிஸில் உலகப் போட்டியை வென்ற துடுப்புப் படகுக் குழு பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

யார் இவர்கள்? படகுப் போட்டி என்றாலே பணக்காரக் கல்லூரிகள்தானே நினைவுக்கு வருகின்றன? (கல்லூரி மாணவி, கோவை)

ராபர்ட் ஃபுல்டன், ஜார்ஜ் பிரைஸ், சாமுவேல் ஹட்டன், எலைஜா ராஸ். இவர்களில் மூவர் மீனவர்கள், ராஸ் கலங்கரை விளக்கக் காவலர். கல்லூரி, கிளப் என்று எதுவும் இவர்களுக்குப் பின்னால் இல்லை. செயின்ட் ஜான் அப்போது மரக்கப்பல் கட்டுவதில் பேர் போன ஊர். அந்தத் துறைமுகத்தில் துடுப்பு வலிப்பது பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு. அங்குள்ள ஃபண்டி வளைகுடாவின் கடல் ஓதம் (கடல்மட்ட ஏற்ற இறக்கம்) உலகிலேயே மிக அதிகமாக ஏறி இறங்குவது. அந்த நீரோட்டத்தை எதிர்த்து வலித்துப் பழகிய தோள்கள் அவை.

பாரிஸ் வரை போகப் பணம்? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி)

ஊர் மக்கள் வசூல் செய்தார்கள், மாகாண அரசும் கொடுத்தது. அந்த வருடம் பாரிஸில் உலகக் கண்காட்சி. அதையொட்டி சேன் நதியில் படகுப் போட்டிகள். உள்ளூர்ப் போட்டிகளில் இந்த நால்வரை வெல்ல ஆள் இல்லை என்பதால் ஊர் துணிந்து அனுப்பியது. கனடா என்ற கூட்டாட்சி பிறந்தது 1867 ஜூலை 1. போட்டியும் அதே ஜூலையில்தான். புதிய நாட்டுக்கு முதல் பெரிய விளையாட்டு வெற்றியைக் கொடுத்தவர்கள் மீனவர்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

அவர்களைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்களாமே? (பெயர் சொல்ல விரும்பாதவர்)

ஆமாம். தோல் நிறச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, அதைத் தாங்க தோல் வார், தலையில் பளிச்சென்ற இளஞ்சிவப்புத் தொப்பி. பக்கத்தில் நின்ற ஆக்ஸ்போர்டு, லண்டன் குழுக்களின் நேர்த்தியான உடைக்கு முன் இது விசித்திரமாகத் தெரிந்திருக்கும். ஊரிலிருந்து கொண்டுபோன படகும் மற்றவர்களுடையதைவிடக் கனமானது. ஆனால் ஒரே நாளில் இரண்டு பந்தயங்கள், இரண்டிலும் இவர்களே முதல். ஒன்று துடுப்பு படகின் விளிம்பிலேயே தாங்கும் பழைய வகைப் படகுகளுக்கு. மற்றது துடுப்பைத் தாங்கும் இரும்புக் கை வெளியே நீட்டியிருக்கும் மெல்லிய படகுகளுக்கு. திரும்பி வந்தபோது 'பாரிஸ் குழு' என்ற பெயரும் கூடவே வந்தது.

அவர்கள் துடுப்பு வலித்த முறையில் அப்படி என்ன வித்தியாசம்? நான் பள்ளியில் படகுப் பயிற்சி கொடுக்கிறேன். (பயிற்சியாளர், சென்னை)

உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதல் விஷயம், சுக்கான் பிடிக்க ஆள் கிடையாது. மற்றக் குழுக்கள் அதற்கென்று ஒருவரை உட்கார வைத்தன. இவர்களோ அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், இருப்பவர் திரும்பிப் பார்த்துத் திசை காட்ட, நான்கு பேரும் வலித்தே படகைத் திருப்பினார்கள். ஓர் ஆளின் எடை மிச்சம். ஆனால் நீரோட்டம் அத்துப்படியான ஆட்களுக்குத்தான் அது லாபம், மற்றவர்கள் செய்தால் கரையில் மோதுவார்கள்.

இரண்டாவது, வீச்சு. ஆங்கிலேயப் பாணியில் உடம்பை முன்னும் பின்னும் நீளமாக ஆட்டி வலிப்பார்கள். பார்க்க அழகு. இவர்கள் உடம்பை அதிகம் ஆட்டாமல், கை வேகத்தை நம்பி, குட்டையான வீச்சை அடுக்கடுக்காகப் போட்டார்கள். நகரும் இருக்கை பரவாத காலம் அது என்பதை மறக்காதீர்கள். உட்கார்ந்த இடம் அசையாது, கால் பலத்தை இன்றைக்குப் போல முழுசாகப் பயன்படுத்த வழியில்லை. அந்த நிலையில் கையும் முதுகும் இரும்பாக இருப்பவனுக்குக் குட்டை வீச்சு பலன் தரும். பாணி தெரியாதவர்கள் என்று இவர்களைச் சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. தங்கள் உடம்புக்கும் படகுக்கும் ஏற்ற பாணியை அவர்களே கண்டுபிடித்திருந்தார்கள்.

அமெரிக்கர்களோடு மோதினார்களா? (நியூஜெர்சி வாசகர்)

1868 அக்டோபரில், மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில். எதிரே ஹட்சன் நதிக்கரையிலிருந்து வந்த வார்ட் சகோதரர்கள். வென்றது செயின்ட் ஜான்.

ரென்ஃபோர்த் என்பவர் பந்தயத்தின் நடுவிலேயே இறந்தார் என்று படித்தேன். உண்மையா? விஷம் வைத்தார்கள் என்கிறார்களே? (மருத்துவ மாணவர், மதுரை)

இறந்தது உண்மை. ஜேம்ஸ் ரென்ஃபோர்த் இங்கிலாந்தின் டைன் நதிக்கரைக்காரர், கேட்ஸ்ஹெட் ஊரில் இரும்பு வேலை பார்த்தவர். அவரும் உழைப்பாளிதான். 1868ல் லண்டனின் ஹாரி கெல்லியை வென்று தனிநபர் உலகச் சாம்பியன் ஆனார். 1870 செப்டம்பரில் மான்ட்ரியல் அருகே லஷீனில் அவருடைய டைன் குழு பாரிஸ் குழுவைத் தோற்கடித்தது. செயின்ட் ஜான்காரர்களால் அதைத் தாங்க முடியவில்லை, மறுபந்தயம் கேட்டார்கள்.

1871 ஆகஸ்ட் 23, செயின்ட் ஜான் அருகே கென்னபெகாசிஸ் நதி, ஆறு மைல். காலையிலேயே பல்லாயிரம் பேர் கரையில். இந்த முறை ரென்ஃபோர்த்தின் படகில் ஹாரி கெல்லியும் இருந்தார், ஆம், அதே பழைய போட்டியாளர். பந்தயம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ரென்ஃபோர்த்தின் வீச்சு தடுமாறியது, கெல்லியின் கைகளிலேயே சாய்ந்தார். கரைக்குக் கொண்டுவந்தும் காப்பாற்ற முடியவில்லை. வயது 29. செயின்ட் ஜான் படகு தனியாக முழுத் தூரத்தையும் முடித்தது.

பந்தயத்தில் பெரும் பணம் புரண்டதால் விஷ வதந்தி உடனே கிளம்பியது. பிரேதப் பரிசோதனையில் விஷம் அகப்படவில்லை, நுரையீரலில் இரத்தம் தேங்கியதுதான் தெரிந்தது. எனவே தம்பி, வதந்தியை நீங்களும் பரப்ப வேண்டாம்.

அந்த இடங்களை இப்போது பார்க்க முடியுமா? (டொராண்டோ வாசகி)

முடியும். பந்தயம் நடந்த கரையில் உள்ள ஊருக்கு ரென்ஃபோர்த் என்றே பெயர் வைத்தார்கள். எதிராளியின் பெயரை ஊருக்கு வைத்த அந்த மனசை நான் மிகவும் மதிக்கிறேன். கேட்ஸ்ஹெட்டில் அவருக்கு நினைவுச் சிலையும் இருக்கிறது. பாரிஸ் குழுவினர் கனடா விளையாட்டு வீரர்களின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றிருக்கிறார்கள்.

இவ்வளவு பேர் உழைக்கும் மக்களிடமிருந்து வந்திருக்க, பிறகு ஏன் படகுப் போட்டி மேட்டுக்குடி விளையாட்டாகத் தெரிகிறது? (தொழிற்சங்க ஊழியர், தூத்துக்குடி)

நல்ல கேள்வி. காரணம் விதிப்புத்தகம். இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியில் 'அமெச்சூர்'களுக்கு, அதாவது பிழைப்புக்காக அல்லாமல் விளையாடுபவர்களுக்கு, மட்டுமே இடம். அந்த அமெச்சூர் யார் என்று 1879ல் அது வரையறுத்தது. கூலித் தொழிலாளி, கைவினைஞர், மெக்கானிக் யாரும் அமெச்சூர் ஆக முடியாது. காசுக்குப் படகு வலித்தவரை விலக்கினால் ஒரு வாதமாவது இருக்கும். வேறு எந்த வேலையைக் கையால் செய்திருந்தாலும் தகுதி இல்லை என்றால் அது ஆளைப் பார்த்து எழுதிய விதி. 1920ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஜான் கெல்லிக்கு (இவர் வேறு கெல்லி) ஹென்லியில் இடம் மறுத்தார்கள். அவர் செங்கல் கொத்தனாராக இருந்தவர். அதே வருடம் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், ஹென்லியில் வென்ற பிரிட்டனின் பெரெஸ்ஃபோர்டையே தோற்கடித்துத் தங்கம் வாங்கினார். 1936ல் ஆஸ்திரேலியாவின் போலீஸ்காரர்கள் குழுவையும் ஹென்லி சேர்க்கவில்லை. 1937ல்தான் அந்த வாசகத்தை நீக்கினார்கள். ஃபுல்டனும் பிரைஸும் அந்த 58 ஆண்டுகளில் ஹென்லிக்குப் போயிருந்தால் படகை நீரில் இறக்கவே விட்டிருக்க மாட்டார்கள்.