சட்டை மாட்ட இருபது நிமிடம்

கேள்வி: என் தந்தைக்கு வயது 74. நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்ததில் இடது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. கைத்தடி ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார், தானே சாப்பிடுகிறார், பேச்சிலும் நினைவிலும் குறையில்லை. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது எல்லாவற்றையும் நாங்களே செய்கிறோம். இயன்முறை மருத்துவரோ அவரையே செய்யவிடச் சொல்கிறார். ஒரு சட்டை மாட்ட அவருக்கு இருபது நிமிடம் ஆகிறது. பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. அவரை இப்படி வருத்தத்தான் வேண்டுமா?

பதில்: உங்கள் இயன்முறை மருத்துவர் சொன்னதைக் கடைப்பிடியுங்கள். பக்கவாதத்துக்குப் பின் பாதிக்கப்பட்ட கையைப் பயன்படுத்தாமலேயே பழகிவிட்டால், அந்தக் கைக்குத் திரும்பி வரக்கூடிய அசைவும் பயன்பாட்டுக்கு வராமல் போய்விடும். நீங்கள் அன்பினால் செய்துவிடும் ஒவ்வொரு வேலையும் அவருடைய பயிற்சி நேரத்திலிருந்து கழிகிறது. அதற்காக அவரைத் தனியே விட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டியதில்லை. எந்த இடத்தில் அவருக்குத் தடைபடுகிறது என்று கவனித்து, அந்த இடத்தில் மட்டும் கைகொடுத்து, மீதியை அவரிடமே விட்டுவிடுங்கள்.

சட்டையையே எடுத்துக்கொள்வோம். கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலியில், இரு பாதங்களும் தரையில் படும்படி அவர் உட்காரட்டும். சட்டையை மடியில் விரித்து, முதலில் பலவீனமான இடது கையை, வலது கையின் துணையோடு நுழைத்து, தோள்வரை ஏற்றிவிட வேண்டும். முழங்கையிலேயே நிறுத்திவிட்டால் அடுத்த கட்டம் நடக்காது. பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது இங்கேதான். பிறகு சட்டையை முதுகுப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து வலது கையை நுழைக்கலாம். கழற்றும்போது வலது கை முதலில் வெளியே வர வேண்டும். பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டால், கண்ணுக்குத் தெரிவதால் வரிசை தவறாது. முழுக்கைச் சட்டை என்றால் வலது மணிக்கட்டுப் பொத்தான்தான் பெரிய தொல்லை, ஏனெனில் அதை எட்டக்கூடியது பலவீனமான இடது கை மட்டுமே. அந்தப் பொத்தானை எலாஸ்டிக் நூலால் தைத்து, முன்கூட்டியே போட்டு வைத்துவிட்டால், கை அதனூடே நுழைந்துவிடும். இருபது நிமிடம் என்பதை எண்ணிக் கவலைப்பட வேண்டாம். மருத்துவமனைக்குக் கிளம்பும் அவசரத்தில் மட்டும் நீங்களே போட்டுவிடுங்கள்.

எதை முதலில் அவரிடம் ஒப்படைப்பது என்பதற்கும் வழிகாட்டுதல் உண்டு. அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் 1963-இல் வெளியிட்ட அளவீடு, குளித்தல், உடுத்துதல், கழிப்பறைக்குச் செல்லுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீர் மலத்தை அடக்குதல், உண்ணுதல் என்ற 6 செயல்களைக் கொண்டு ஒருவர் பிறர் உதவியின்றி இயங்கும் திறனை மதிப்பிடுகிறது. இவற்றுள் பெரும்பாலும் முதலில் கைவிட்டுப் போவது குளியல்; கடைசிவரை நிற்பது உண்ணுதல். உடல் தேறும்போது இந்த வரிசை ஏறக்குறையத் தலைகீழாகத் திரும்புகிறது. அவர் ஏற்கெனவே தானே உண்கிறார் என்பதால் அடுத்து உடையில் கவனம் வையுங்கள்; குளியலைத் தனியே செய்யவிட அவசரப்படாதீர்கள்.

குளியலறையில் நாற்காலியும், சுவரில் உறுதியாகப் பொருத்திய பிடிகம்பியும் வேண்டும். துண்டு போடும் கம்பி ஆள் கனத்தைத் தாங்காது. இடது பக்கம் உணர்ச்சி மங்கியிருக்கக்கூடும், ஆகவே வெந்நீரின் சூட்டை வலது கையால் பார்க்கச் சொல்லுங்கள். எக்காரணம் கொண்டும் இடது கையைப் பிடித்து இழுத்து எழுப்ப வேண்டாம். தசைகள் தளர்ந்திருக்கும் நிலையில் தோள்மூட்டு எளிதில் நழுவி, மாதக்கணக்கில் வலிக்கும். கைத்தடி வலது கையில் இருக்கட்டும். படுக்கையிலிருந்து எழும்போது ஓரத்தில் சற்று உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லையென்று உறுதி செய்த பிறகே நிற்க வேண்டும். சாப்பிடும்போது புரையேறினாலோ, நிற்கையில் தள்ளாடினாலோ, தானே செய்யட்டும் என்ற பேச்சுக்கே இடமில்லை. உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

கேள்வி: எனக்கு 66 வயது, முடக்குவாதம் உண்டு. காலையில் விரல்கள் மடங்குவதே இல்லை. தலை வாரக்கூட மகளை அழைக்க வேண்டியிருப்பது அவமானமாக இருக்கிறது.

பதில்: இந்நோயில் காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிப்பது இயல்பு. எழுந்தவுடன் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்ற பழக்கத்தை முதலில் விடுங்கள். தலை வாருவதைச் சற்றுத் தள்ளிப்போட்டால் பல நாட்கள் மகளை அழைக்கவே நேராது. சீப்பு, பல்துலக்கி, கரண்டி ஆகியவற்றின் பிடியில் நுரைக்குழாயைச் செருகித் தடிமனாக்கினால் விரல்களை இறுக்க வேண்டியதில்லை. பாத்திரங்களை விரல்நுனியால் தூக்காமல் இரு உள்ளங்கைகளாலும் ஏந்துங்கள். அழைத்தே ஆக வேண்டிய நாளில், எப்போது, எதற்கு என்பதை நீங்களே சொல்லுங்கள். வேலையை மகள் செய்தாலும் தீர்மானம் உங்களுடையதாக இருக்கும். மாத்திரைப் புட்டிகளில் குழந்தைகள் திறக்க முடியாத மூடி இருந்தால், எளிதாகத் திறக்கும் மூடி கிடைக்குமா என்று மருந்தாளுநரிடம் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குச் சிறு பிள்ளைகள் வந்து போவதானால் புட்டியை உயரத்தில் வையுங்கள்.