தினமும் எத்தனை பன் போடுவது: சராசரி மட்டும் போதுமா?

தினசரி விற்பனையின் சராசரி அளவுக்கே பேக்கரியில் பன் தயாரித்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, மிஞ்சுவதால் வரும் நட்டமும் தட்டுப்பாட்டால் கைநழுவும் லாபமும் பெரும்பாலும் சமமாக இருப்பதில்லை. ஒரு பன்னின் அடக்கவிலை 6 ரூபாய், விற்பனை விலை 10 ரூபாய், மிஞ்சியதை மறுநாள் விற்க முடியாது என்று வைத்துக்கொண்டால், விற்காத ஒவ்வொன்றிலும் 6 ரூபாய் நட்டம், கேட்டும் கொடுக்க முடியாத ஒவ்வொன்றிலும் 4 ரூபாய் இழப்பு. 4-ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 10-ஆல் வகுத்தால் 0.4, அதாவது நூற்றுக்கு 40. கடந்த 100 நாள்களின் தேவையை ஏறுவரிசையில் எழுதினால், 40-ஆவது எண்ணே தயாரிக்க வேண்டிய அளவு. செய்தித்தாள் விற்பவர் கணக்கு என்று மேலாண்மைப் பாடத்தில் வருவது இதுதான். 1888-இல் பொருளியல் அறிஞர் எட்ஜ்வொர்த் வங்கிகளின் ரொக்க இருப்புக்கு இதே வழியில் சிந்தித்தார். ஆனால் மாலை 5 மணிக்கே சரக்கு தீர்ந்த நாளின் பதிவேடு விற்றதைக் காட்டுமே தவிர, வெறுங்கையோடு திரும்பியவர்களைக் காட்டாது. ஆகவே தீர்ந்த நேரத்தையும் குறித்து வையுங்கள்.