வாசகர் கேள்வி – பதில்: தகவல் வடிவமைப்பும் பயன்பாட்டுச் சோதனையும்

கேள்வி: நாகர்கோவிலில் இளங்கலைத் தமிழ் இலக்கியம் இறுதியாண்டு படிக்கிறேன். தகவல் வடிவமைப்பு என்னும் முதுகலைப் படிப்பில் சேர விரும்புகிறேன். எனக்கு ஓவியம் வராது. அந்தப் படிப்பில் எதைக் கற்பிக்கிறார்கள்? பயன்பாட்டுச் சோதனை என்பது என்ன?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: உங்கள் மாவட்டத்துக் கடற்கரையிலிருந்தே இதை விளக்கலாம். புயல் உருவாகும்போது துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்ணிட்ட எச்சரிக்கைக் கூண்டுகள் ஏற்றப்படுகின்றன. எண் கூடக் கூட ஆபத்தும் கூடும் என்றே செய்தியைக் கேட்பவர்கள் கருதுவார்கள். பொதுவாக அது சரிதான். ஆனால் 5, 6, 7 ஆகிய மூன்றும் ஆபத்தின் அளவில் வேறுபட்டவை அல்ல. புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும், அல்லது துறைமுகத்தை ஒட்டியே கடக்குமா என்பதைத்தான் அவை பிரித்துக் காட்டுகின்றன. கடும் புயலுக்கு 8, 9, 10 ஆகியவையும் அவ்வாறே. 11-ஆம் எண்ணோ, வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலைக்கு வாய்ப்பு இருப்பதாக உள்ளூர் அலுவலர் கருதுகிறார் என்று பொருள்படும். கப்பலோட்டிகளுக்காக உருவான இந்தக் குறியீடு இன்று தொலைக்காட்சி வழியாக எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்கிறது. 2017-இல் ஓக்கி புயலில் இத்தனை மீனவர்களைப் பறிகொடுத்த மாவட்டத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

இந்தச் செய்தியைப் படிப்பவர் யார், எந்த நேரத்தில் படிக்கிறார், படித்தபின் எந்த முடிவை எடுக்க வேண்டும் என்று கேட்டு, அந்த முடிவுக்குத் தேவையானதை முதலில் நிறுத்தி, சொற்களையும் எண்களையும் வரைபடத்தையும் எழுத்தின் அளவையும் அதற்கேற்ப அமைப்பதே தகவல் வடிவமைப்பு. ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் முன்னே வர வேண்டும் என்று மூன்றாண்டுகள் பயின்ற உங்களுக்கு இதில் பாதி வேலை முன்பே பழக்கமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மறுபாதிதான் பயன்பாட்டுச் சோதனை. அமைத்த தாளை, அதைப் பயன்படுத்தப்போகும் ஒருவரிடம் கொடுத்து, ஒரு வேலையைச் செய்யச் சொல்லி, அவர் மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டு, நாம் வாய் திறவாமல் பார்த்திருக்க வேண்டும். “புரிகிறதா?” என்று கேட்கவே கூடாது, மரியாதைக்காகவேனும் எவரும் “புரிகிறது” என்றுதான் சொல்வார். “நாளை விடியற்காலையில் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வள்ளம் இறக்கலாமா? இதைப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்டால், அவருடைய கண் எந்த வரியில் தடுக்கி நிற்கிறது என்பது தெரிந்துவிடும். அவருக்கு உதவத் துடிக்கும் நம் நாவை அடக்குவதுதான் இந்தக் கல்வியிலேயே கடினமான பயிற்சி. வேலை சரியாக முடிந்ததா, எவ்வளவு முயற்சியில் முடிந்தது, செய்தவர் நிறைவடைந்தாரா என்ற மூன்றையும், குறிப்பிட்ட பயனாளர், குறிப்பிட்ட சூழல் என்ற வரையறைக்குள் பார்க்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 9241-11 தரநிலை கூறுவது.

சோதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2000-ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் தேர்தல் சான்று. ஃபுளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்தில், முதியவர்கள் எளிதில் படிக்க வாக்குச்சீட்டின் எழுத்தைப் பெரிதாக்கினார்கள். அதனால் வேட்பாளர் பெயர்கள் எதிரெதிரான இரண்டு பக்கங்களுக்குப் பரவ, வாக்கைப் பதியத் துளையிடும் இடங்கள் நடுவே ஒரே வரிசையில் அமைந்தன. 2,000-க்கும் மேற்பட்டோர் தாம் எண்ணியவருக்கு அன்றி வேறொருவருக்கு வாக்களித்துவிட்டனர் என்று பின்னர் ஆய்வாளர்கள் கணித்தார்கள். அந்த மாநிலத்தின் முடிவோ 537 வாக்குகளில் தீர்மானமானது. நல்லெண்ணத்துடன் செய்த மாற்றமேயானாலும், சில முதியவர்களை அழைத்து முன்கூட்டியே வாக்களிக்கச் சொல்லிப் பார்த்திருந்தால் குழப்பம் அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

ஐந்து பேரைச் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்ற கூற்றை நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். பயன்பாட்டு ஆய்வாளர்களான நீல்சன், லாண்டவர் ஆகியோர் 1993-இல் வெளியிட்ட கணக்கிலிருந்து பரவியது அது. ஒரே வகையான பயனாளர்களுக்குத்தான் அது பொருந்தும். தூத்தூரின் ஆழ்கடல் மீனவர், நாகர்கோவில் கல்லூரி மாணவர், மலையாளம் மட்டும் படிக்கத் தெரிந்த எல்லைப்புறத்துப் பாட்டி ஆகியோர் வேறுவேறு குழுவினர். ஒவ்வொரு குழுவிலும் சோதிக்க வேண்டும்.

எங்கே படிப்பது? பெங்களூரிலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவன வளாகத்தில் இத்துறையில் முதுகலை உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யில் 1969-இல் தொடங்கிய ஐ.டி.சி. வடிவமைப்புப் பள்ளி ஊடாட்ட வடிவமைப்பை, அதாவது மனிதர் செயலிகளோடும் கருவிகளோடும் பழகும் முறையை அமைப்பதை, கற்பிக்கிறது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் அச்செழுத்தியல் துறையே தனியாக இருக்கிறது. புள்ளிவிவரங்களைப் படக்குறிகளால் காட்டிய ஓட்டோ நொய்ராத், மேரி நொய்ராத் இருவரின் ஐசோடைப் தொகுப்பும் அங்கேதான் உள்ளது. ஐ.ஐ.டி.களின் முதுகலை வடிவமைப்புப் படிப்புகளுக்கான சீட் (CEED) நுழைவுத்தேர்வை மூன்றாண்டுப் பட்டம் பெறுவோரும் எழுதலாம். ஆனால் தேர்வு எழுதும் தகுதி வேறு, சேர்க்கைத் தகுதி வேறு. ஒவ்வொரு நிறுவனத்தின் விதியையும் தனித்தனியே படித்துவிடுங்கள். தேர்வின் இரண்டாம் பகுதியில் வரையவும் வேண்டும். அழகு தேவையில்லை, கருத்து தெளிவாகத் தெரிய வேண்டும். அதற்கு நாள்தோறும் சிறிது பழகினால் போதும். எந்தப் படிப்பானாலும் பாடத்திட்டத்தில் ஒன்றை மட்டும் தேடுங்கள்: மாணவர் தம் ஆக்கத்தை வெளியாட்களிடம் சோதித்து, திருத்தி, மறுபடியும் சோதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறதா? இல்லையென்றால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: பிளஸ் டூ வணிகவியல் மாணவன் நான். இத்துறைக்கு இப்போதே வரலாமா?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வரலாம். பி.டெஸ். என்னும் இளங்கலை வடிவமைப்புப் படிப்புக்கான யூசீட் (UCEED) நுழைவுத்தேர்வை எந்தப் பாடப்பிரிவினரும் எழுதலாம்.

கேள்வி: கல்லூரியில் சேரும் முன்பே செலவின்றிப் பழக வழி உண்டா?
– ஒரு வாசகி, குளச்சல்

பதில்: உண்டு. மருந்துச் சீட்டுகளில் 1–0–1 என்று எழுதுகிறார்களே, காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று என்று, அதை எடுத்துக்கொள்ளுங்கள். கற்பனையாக நான்கு மருந்துகள் கொண்ட சீட்டு ஒன்றை எழுதுங்கள். உண்மையான நோயாளியின் சீட்டு வேண்டாம். அக்கம்பக்கத்தில் உள்ள பெரியவர்களிடம் இசைவு பெற்று, “இரவில் எவற்றைச் சாப்பிடுவீர்கள்?” என்று கேளுங்கள். தவறிய இடங்களைக் குறித்துக்கொண்டு, வேளைவாரியாகப் பிரித்த புதிய சீட்டை அமைத்து, முதல் சீட்டைப் பார்க்காத வேறு சிலரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். இரண்டு சீட்டுகளையும் குறிப்புகளையும் தேதியிட்டுப் பாதுகாத்து வையுங்கள். நேர்முகத் தேர்வில் உங்கள் பணித்தொகுப்பின் முதல் பக்கமாக அவற்றையே வைக்கலாம்.